மடிக்கணினிக்கு ரேம் கூட்டுவது எப்படி? புதிது வாங்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, இணைய வகுப்புக்காக அவசர அவசரமாக வாங்கிய மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அன்று முதலாம் படிவத்தில் இருந்த பிள்ளை எஸ்பிஎம் முடித்து, எஸ்டிபிஎம்முக்கோ டிப்ளோமாவுக்கோ போயாகிவிட்டது. கணினி மட்டும் அதே 4 ஜிபி நினைவகத்தோடு மூச்சு வாங்குகிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் ஒரு மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வரலாம். அதற்குள் திரை தயாராகியிருந்தால் அதிர்ஷ்டம்.

"அப்பா, புதுசு வாங்கணும்" என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. சாதாரண மடிக்கணினியே 1,500 ரிங்கிட், 2,000 ரிங்கிட் என்கிறார்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதாவது தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ ஒருவர் ஒரு மாதம் உழைத்த முழுச் சம்பளம் அப்படியே போகும். பல வீடுகளில் இது தவணைக் கடனாகவோ, பிடிபிடிஎன் கடனின் முதல் பணத்தை விழுங்கும் செலவாகவோ முடிகிறது.

அந்த முடிவுக்கு வருமுன், கூடுதல் ரேம் போட்டால் பழைய கணினியே இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தாங்குமா என்று பார்த்துவிடலாம். பார்ப்பதற்குக் காசு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். முடியும் என்றால், அட்டையை மாற்றும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏமாற்றமும் நட்டமும் பெரும்பாலும் வருவது திருகாணியைக் கழற்றும்போது அல்ல, அதற்கு முன்பே, தவறான அட்டையை வாங்கும்போதுதான்.

ரேம் என்ன செய்கிறது?

பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் இதை எளிதாக விளக்கலாம். மரத்துக்கு மரம் பால் எடுத்து வாளியில் ஊற்றிக்கொண்டு போகிறோம். வாளி சிறிதாக இருந்தால் பாதி நிரையிலேயே நிரம்பிவிடும். பால் கொட்டகைக்கு நடந்துபோய் ஊற்றிவிட்டு மீண்டும் வர வேண்டும். வெட்டும் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும், நேரம் எல்லாம் நடையிலேயே போய்விடும்.

ரேம் என்பது அந்த வாளி. ஹார்ட் டிஸ்க் கொட்டகை. திறந்திருக்கும் வேலைகள் எல்லாம் ரேமில் இருக்கும். அது நிரம்பியதும் விண்டோஸ் ஒரு பகுதியை எடுத்து டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். பிரௌசரில் பத்துப் பக்கம், ஒரு வோர்ட் கோப்பு, பின்னால் ஒரு கூகள் மீட் வகுப்பு என்று திறந்து வைத்தாலே 4 ஜிபி போதாது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபிதான். அது கணினி எழுந்து நிற்பதற்கான அளவு, வேலை செய்வதற்கான அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளி, கல்லூரிப் படிப்புக்கு 8 ஜிபி தாராளம். வீடியோ வெட்டி ஒட்டுவது, கட்டட வரைபடம் போடுவது என்று போனால் 16 ஜிபி.

வாளியைப் பெரிதாக்கினால் வெட்டும் கை வேகமாகிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். செயலி பழையது என்றால் பழையதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தட்டுங்கள். வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எதுவும் திறக்காமல் பார்த்தால் கணக்கு சரியாக வராது. பயன்பாடு 85, 90 விழுக்காட்டைத் தொட்டு அங்கேயே நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம்.

அதே பக்கத்தில் டிஸ்க் என்பதையும் தட்டிப் பாருங்கள். அங்கே எச்டிடி என்று எழுதியிருந்தால், உள்ளே இருப்பது சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க். மெமரி பாதிகூட நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நிற்கிறது என்றால், ரேமுக்குச் செலவழிக்கும் காசை எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். ரேம் போட்டும் வேகம் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் பலர் இந்த ஒரு பார்வையைத் தவறவிட்டவர்கள். இரண்டும் குறை என்றால், எஸ்எஸ்டிக்கே முதலிடம்.

மெமரி பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இன்னும் சில விவரங்கள் இருக்கும். வேகம் எத்தனை, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, ஃபார்ம் ஃபேக்டர் என்ன என்பவை. இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது, ஃபார்ம் ஃபேக்டர் 'சோடிம்' என்று இருந்தால் நல்ல செய்தி. பெரும்பாலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால், ரேம் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கழற்ற முடியாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றில் 4 ஜிபியைப் பலகையில் பற்றவைத்துவிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு ஸ்லாட்டைத் தனியாக வைத்திருப்பார்கள். டாஸ்க் மேனேஜர் அதை ஒழுங்காகக் காட்டும் என்று உறுதி சொல்ல முடியாது. கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள மாடல் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். மொத்தம் எத்தனை ஸ்லாட், எந்த வகை ரேம், அதிகபட்சம் எத்தனை ஜிபி தாங்கும் என்பது அங்கே இருக்கும். 'எல்பிடிடிஆர்' என்று தொடங்கினால் அது பலகையில் பற்றவைத்த வகை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் மேக்புக் ஏர் கணினிகளில் ரேம் கூட்டவே முடியாது. மெல்லிய, எடை குறைந்த விலை உயர்ந்த கணினிகள் பலவும் அப்படித்தான். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பார்க்க அழகு, திறந்தால் மாற்ற ஒன்றுமில்லை.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெல் செயலியில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். ரேம் கூட்டுவதால் அந்தத் தகுதி வந்துவிடாது. ஏழாம் தலைமுறைக்கு முந்திய கணினிக்குப் பெரிய செலவு செய்யுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம். லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தத் தயார் என்றால் அது வேறு கதை.

எந்த அட்டை?

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று மூன்று வகை மடிக்கணினி ரேம்கள் இப்போது புழக்கத்தில் உள்ளன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்தாது. அட்டையின் கீழ் விளிம்பில் பொன்னிறக் கால்கள் வரிசையாக இருக்கும். டிடிஆர்3இல் 204, டிடிஆர்4இல் 260, டிடிஆர்5இல் 262. நடுவில் உள்ள வெட்டும் வகைக்கு வகை இடம் மாறியிருக்கும். ஆகவே தவறான வகையைப் பொருத்த முயன்றால் இறங்காது. இறங்காததை அழுத்தி இறக்கப் பார்ப்பவர்கள்தான் ஸ்லாட்டை உடைத்துக்கொள்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவது டிடிஆர்3. அதில் 1.5 வோல்ட் வகை ஒன்று, 1.35 வோல்ட் வகை ஒன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே வெட்டு. ஆனால் இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் தொடங்கி பெரும்பாலும் 1.35 வோல்ட் வகையைத்தான் ஏற்கும். அட்டையின் மேல் ஒட்டிய தாளில் 'பிசி3' என்று மட்டும் இருந்தால் பழைய வகை. 'பிசி3எல்' என்று இருந்தால் குறைந்த மின்னழுத்த வகை. 'பிசி4' என்றால் டிடிஆர்4, 'பிசி5' என்றால் டிடிஆர்5. அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

இணையத்தில் வாங்குபவர்கள் 'சோடிம்' அல்லது 'லேப்டாப்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேசைக் கணினி ரேம் நீளத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

வேகம் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். 2400 வேகமுள்ள அட்டையும் 3200 வேகமுள்ள அட்டையும் ஒன்றாக இருந்தால், பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி வேலை செய்யும். அளவைப் பொறுத்தவரை காண்டா கம்பு கணக்குத்தான். இரண்டு பக்கமும் ஒரே எடை இருந்தால் தூக்கி நடப்பது சுலபம். 4 ஜிபியும் 4 ஜிபியும், 8 ஜிபியும் 8 ஜிபியும் என்று சமமாக இருந்தால் செயலி இரண்டு வழியிலும் சேர்ந்து தரவை எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் படம், விளையாட்டு ஓடும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதற்காக ஏற்கெனவே இருக்கும் 4 ஜிபியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 4உடன் 8 சேர்த்து 12 ஆக்கினாலும் கணினி ஓடும்; காண்டா கொஞ்சம் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான்.

விலை விஷயத்தில் காலம் மோசமாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகம் முழுவதும் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பதால், 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. உலகின் மூன்று பெரிய ரேம் சில்லு நிறுவனங்களில் ஒன்றான மைக்ரோனுக்கு நம் மூவாரிலும் பத்து காவானிலும் தொழிற்சாலைகள் உள்ளன. ஆனாலும் விலையைத் தீர்மானிப்பது உலகச் சந்தை. ஒரே கடையில் கேட்டுவிட்டு வாங்காமல் மூன்று இடத்திலாவது கேளுங்கள்.

புதிது எட்டாத விலையில் இருந்தால், பிரித்தெடுத்த பழைய அட்டையை வாங்குவதில் தவறில்லை. ரேமில் சுழலும், தேயும் பாகம் எதுவும் கிடையாது. நல்ல நிலையில் உள்ள அட்டை, அது இருக்கும் கணினியையும் தாண்டி வாழும். கோலாலம்பூர் லோ யாட் பிளாசா, ஈப்போ யிக் ஃபூங் கட்டடம், பினாங்கு பிராங்கின் மால், சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். கடையிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு வாரத்திற்காவது மாற்றித் தரும் உறுதியை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் ரசீது ஆகாது. மலேசியாவில் வாங்கிய பொருளில் ஏமாற்றம் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனு கொடுக்கக் கட்டணம் 5 ரிங்கிட். ரசீது இல்லாதவர் அங்கே போய் நின்றாலும் பேச்சு எடுபடாது.

கழற்றுவதற்கு முன்

முக்கியக் கோப்புகளை, குறிப்பாகப் பிள்ளைகளின் பாடத்திட்ட வேலைகளை, வெளி டிஸ்கிலோ கூகள் டிரைவிலோ படியெடுத்து வையுங்கள். ரேம் மாற்றினால் கோப்பு அழியாது. ஆனால் கை தவறிக் கணினி கீழே விழுந்தால் அழியலாம்.

உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால், திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று முதலில் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. திருகாணியின் மேல் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தால் அதைக் கிழிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

தேவையான கருவி ஒரு சிறிய நட்சத்திரத் திருப்புளி. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் என்று கேட்டால் இரும்புக் கடையிலேயே கிடைக்கும். மூடியை நெம்ப ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை. கத்தி வேண்டாம். வழுக்கினால் முதலில் வெட்டுப்படுவது விரல், அடுத்தது பேட்டரி. பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான். ஆனாலும் குளிரூட்டிய அறையிலும் கம்பளத்தின் மேலும் உட்கார்ந்து செய்யாதீர்கள். மரமேசையில், காற்றாடியை நிறுத்திவிட்டு, வேலை தொடங்குமுன் தண்ணீர்க் குழாயையோ வர்ணம் பூசாத ஜன்னல் கம்பியையோ ஒருமுறை தொட்டுவிட்டுச் செய்தால் போதும். கை வியர்வையைத் துடைத்துக்கொள்ளுங்கள். அட்டையை இரு ஓரங்களைப் பிடித்தே தூக்க வேண்டும், பொன்னிறக் கால்களில் விரல் படக்கூடாது.

ஒரு கணினி, படிப்படியாக

நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்த லெனோவோ திங்க்பேட் டி480 கணினிகள் இரண்டாம் கைச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. 2018இல் வந்த கணினி; இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட வகைகளுக்கு விண்டோஸ் 11 தகுதி உண்டு; டிடிஆர்4 ஸ்லாட் இரண்டு. முதன்முறை ரேம் போடுபவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணினி அமைவது கடினம்.

இதில் பேட்டரி இரண்டு. ஒன்று பின்னால் கழற்றக்கூடியது, மற்றொன்று உள்ளே இருப்பது. பின்பக்கப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்சாரம் இல்லை என்று நினைத்து மூடியைத் திறப்பது ஆபத்து. உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரேமைத் தொட்டால் அட்டையோ பலகையோ கருகலாம். ஆகவே முதல் வேலை உள் பேட்டரியை நிறுத்துவது. கணினியைத் தொடங்கி, லெனோவோ எழுத்து வந்ததும் எஃப்1 பொத்தானைத் தட்டினால் பயாஸ் திறக்கும். அங்கே கான்ஃபிக், அதனுள் பவர், அதனுள் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி'. அதைத் தேர்ந்தெடுத்து ஒப்புக்கொண்டால் கணினி தானே அணைந்துவிடும். மின் செருகியை முன்பே பிடுங்கியிருக்க வேண்டும்.

பிறகு கணினியைக் கவிழ்த்து, பின்பக்கப் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் அப்படியே விடுங்கள். சூடு தணியட்டும். அடிமூடியின் திருகாணிகளைத் தளர்த்தினால் போதும். இந்த மாடலில் அவை மூடியிலேயே தங்கி நிற்கும். உருண்டோடித் தொலையும் கவலை இல்லை. பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக்கொண்டே வந்தால் கொக்கிகள் ஒவ்வொன்றாக டப் டப் என்று விடுபடும். முதன்முறை செய்பவருக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். உடைகிற சத்தம் போலவே இருக்கும், ஆனால் உடைவதில்லை. ஓர் இடம் மட்டும் பிடிவாதமாக நின்றால், அங்கே திருகாணி ஒன்று விட்டுப்போயிருக்கும்.

வேறு கணினிகளில் திருகாணிகள் தனியாகக் கழன்று வரும். நீளமும் மாறும். குட்டையான துளையில் நீளமான திருகாணியை இறக்கினால் மறுபக்கம் விசைப்பலகையைக் குத்திவிடும். ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய திருகாணியை அந்தந்த இடத்திலேயே வைத்தால் குழப்பம் வராது. ரப்பர் கால்களுக்குக் கீழே திருகாணி ஒளிந்திருக்கும் மாடல்களும் உண்டு. உள் பேட்டரியைப் பயாஸில் நிறுத்தும் வசதி இல்லாத கணினிகளில், மூடியைத் திறந்ததும் பேட்டரியின் இணைப்பைப் பலகையிலிருந்து கழற்றுவதே முதல் வேலை. கம்பியைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் இரு பக்கத்தையும் நகத்தால் தள்ளி எடுக்க வேண்டும்.

உள்ளே ரேம் ஸ்லாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. விரல் நீளமுள்ள ஓர் அட்டை, இரு பக்கமும் வெள்ளி நிறக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். சில கணினிகளில் கறுப்புத் தாள் ஒன்று மேலே மூடியிருக்கும், அதைத் தூக்கினால் தெரியும். தூசி மண்டியிருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். தோட்டத்து வீடுகளிலும் மரவீடுகளிலும் எறும்பும் பல்லி எச்சமும்கூடக் கிடைக்கும்.

பழைய அட்டையை எடுக்க வேண்டுமானால் இரண்டு கொக்கிகளையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக விரியுங்கள். அட்டை தானாகச் சாய்ந்து எழும். அதே சாய்வில் வெளியே இழுக்கவும். புதிய அட்டையைப் போடுவது அதன் தலைகீழ். அட்டையின் வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். சாய்வாகப் பிடித்து, பொன்னிறக் கால்கள் ஏறக்குறைய மறையும் வரை உள்ளே தள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தயங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் அழுத்தம் தேவைப்படும். முழுதாக உள்ளே போன பிறகு அட்டையை மேலிருந்து கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் அட்டை சரியாக உட்காரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மூடியை முழுவதும் பூட்டுவதற்கு முன் மேலாக வைத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, மின் செருகியைச் செருகுங்கள். டி480இல் நிறுத்தி வைத்த உள் பேட்டரி மின்சாரம் வந்ததும் தானாக உயிர்பெறும். செருகாமல் பொத்தானை அழுத்திவிட்டு, கணினி செத்துவிட்டது என்று பதறியவர்கள் உண்டு.

திரை இருட்டாக இருந்தால்

புதிய ரேமைக் கணினி முதன்முறை பார்க்கும்போது அதைப் பழக்கிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். திரை கறுப்பாகவே ஒரு நிமிடம், சிலவற்றில் அதற்கும் மேல், நிற்கலாம். அணைத்து அணைத்துப் போடாமல் காத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை, அல்லது பீப் பீப் என்று ஒலிக்கிறது என்றால், பத்தில் ஒன்பது முறை அட்டை முழுதாக உள்ளே போகவில்லை. மீண்டும் மின்சாரத்தை எல்லாம் நிறுத்திவிட்டு, எடுத்துப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பழைய அட்டையை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அது ஓடினால் கணினியில் கோளாறு இல்லை. புதிய அட்டை கெட்டது, அல்லது அந்தக் கணினிக்குப் பொருந்தாதது. ரசீதோடு கடைக்குப் போகலாம்.

திரை வந்துவிட்டால் டாஸ்க் மேனேஜரில் அளவைப் பாருங்கள். 8 ஜிபி போட்டும் 7.8 என்று காட்டினால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். மிச்சத்தைத் திரைக்காகவும் மற்ற பாகங்களுக்காகவும் கணினி ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் 8 போட்டு 4க்குக் கீழேயே நின்றால், உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸா என்று பாருங்கள். அந்த வகை 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

அன்றிரவே ஒரு சோதனையையும் முடித்துவிடலாம். ஸ்டார்ட் பட்டியலில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடித் தட்டினால் கணினி மறுதொடக்கமாகி ரேமை முழுதாகச் சோதிக்கும். பழைய அட்டை வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ரேமில் சிறு பழுது இருந்தால் கணினி உடனே படுத்துவிடாது. இரண்டு வாரம் கழித்து, பிள்ளை இடுபணியை அனுப்பும் நேரத்தில் நீலத்திரை காட்டும். அதற்குள் மாற்றித் தரும் காலமும் முடிந்திருக்கும்.

கடையில் கொடுத்துச் செய்தால்

கை நடுங்குகிறது, கண் சரியாகத் தெரியவில்லை என்பவர்கள் கடையிலேயே செய்துகொள்ளலாம். "ரேம் போலே தம்பா?" என்று கேட்டு, விலையையும் கூலியையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் கணினியை விட்டுவிட்டு மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். அரை மணி நேர வேலைக்கு ஓர் இரவு தேவையில்லை. கணினியில் பெண்பிள்ளைகளின் படங்கள், வங்கிக் கடவுச்சொற்கள், அடையாள அட்டை நகல்கள் எல்லாம் இருக்கின்றன. ரேம் மாற்ற அந்தக் கணினியின் கடவுச்சொல்லும் தேவைப்படாது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் நேரத்தில் உரிமையாளரே தட்டித் திறந்து காட்டலாம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்முன்னே செய்யச் சொல்லி வாங்கி வருவதே முறை.

பழைய அட்டையைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், அதற்கும் இப்போது விலை இருக்கிறது. விற்பதாக இருந்தால் உடனே விற்காமல், அது வந்த பிளாஸ்டிக் உறையிலோ ஒரு சிறிய அட்டைப் பெட்டியிலோ சில மாதம் எடுத்து வையுங்கள். புதியது ஒருநாள் மக்கர் செய்தால், பிரச்சினை எங்கே என்று கண்டுபிடிக்க அதுதான் கைகொடுக்கும்.